சாவியைத் திருப்பியதும் காணாமல் போன குளிர்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் அவசரக்குடுக்கை. லிஃப்ட் வருவதற்குள் பொத்தானை அமுக்கி அமுக்கியே ஓய்ந்துவிடுவாள். சாப்பாடு நின்றபடிதான். அடுத்தவர் பேச ஆரம்பித்தால், முடித்து வைப்பது இவளாக இருக்கும். "எட்டு மாசத்துலயே வெளிய வந்தவதானே, இவளுக்கு எங்க பொறுமை?" என்று அக்கா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அக்கா மருந்து வேன் ஓட்டுகிறாள். உள்ளே குளிரிலேயே இருக்கவேண்டிய ஊசி மருந்துகள். அந்தக் குளிரை அளந்து பதிவு செய்ய ஒரு சின்னக் கருவி. அதற்கு மென்பொருள் எழுதியது தங்கை. சோதனைக்காக முதலில் அக்காவின் வேனில்தான் மாட்டியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "உன் மெஷின் என்னை மாட்டி விட்டிருச்சுடி!"

"என்னக்கா ஆச்சு?"

"எங்கெல்லாம் வண்டியை நிறுத்தினேனோ, அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் பதிவே இல்லையாம். நான் மெஷினை அணைச்சுட்டுக் கதவைத் தொறந்து போட்டேனாம். நாளைக்குள்ள பதில் சொல்லு, இல்லன்னா சாவியை வெச்சிட்டுக் கிளம்புன்னு டிப்போ மேனேஜர் சொல்லிட்டாரு."

"நிஜமாவே நீ அணைக்கலையா?"

அக்கா முறைத்த முறைப்பில் தங்கை வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கால் சும்மா இருக்குமா? இரண்டு இரண்டு படியாகத் தாவித் தெருவில் நின்ற வேனுக்கு ஓடினாள். "ஓட்டிட்டு வந்து எப்படி நிறுத்துவே? அப்படியே செஞ்சு காட்டு."

அக்கா வண்டியைக் கிளப்பி, பிறகு சாவியைத் திருப்பி அணைத்தாள். என்ஜினோடு கருவியின் பச்சை விளக்கும் பொசுக்கென்று அணைந்தது.

தங்கைக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

மின்சாரம் போனாலும் அழியாமல் சேமித்து வைக்கும் ஃபிளாஷ் சிப்பில் எழுதுவது மெதுவான வேலை. எழுதும்போதெல்லாம் திரை ஒரு நொடி உறையும். அந்த ஒரு நொடியை அவளால் பொறுக்க முடியவில்லை. அளவுகளைத் தற்காலிக நினைவகத்தில், கேஷில், சேர்த்து வைத்து மொத்தமாகச் சிப்பில் எழுதும்படி அமைத்துவிட்டாள். திரை பறந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் மின்சாரம் போனால் கேஷில் இருப்பது அத்தனையும் காலி. ஆய்வகத்தில் யாரும் ஒயரைப் பிடுங்குவதில்லை. பொத்தானை அமுக்கி, மிச்சத்தை எழுதி முடித்து விளக்கு தானாக அணையும்வரை காத்திருப்பார்கள். அது அங்கே ஒரு மரியாதை மாதிரி. வண்டிச் சாவிக்கு அந்த மரியாதை தெரியாது.

மறுநாள் காலை அவள் சொன்னதைக் கேட்டு டீம் லீடர் நெற்றியைத் தேய்த்தார். "சத்தம் போடாதம்மா. அடுத்த பதிப்புல சரி பண்ணிடலாம்."

"எங்க அக்கா இன்னைக்கே பதில் சொல்லணும், சார்."

"கேஷை எடுத்தா, எழுதி எழுதியே சிப் சீக்கிரம் தேஞ்சிடுமே?"

"முழுசா எடுக்கலை. திரைக்கு வேண்டியது கேஷ்லயே இருக்கட்டும். குளிர் அளவு மட்டும் உடனுக்குடன் சிப்புக்குப் போயிடும். கணக்குப் போட்டுட்டேன், கருவி இருக்கற வரைக்கும் சிப் தாங்கும். நான் டிப்போவுக்குக் கிளம்பறேன்." அவர் தலையாட்டினாரா என்று பார்க்கக்கூட அவள் நிற்கவில்லை.

டிப்போவில் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேனேஜர் முன்னால் முதலில் பழைய மென்பொருளை ஓடவிட்டு அவரையே சாவியைத் திருப்பச் சொன்னாள். மறுபடி போட்டால் கடைசி அளவுகள் இல்லை. "தப்பு எங்க அக்கா மேல இல்ல, சார். நான் எழுதினதுல."

பிறகு புதியதை ஏற்றினாள். மேனேஜர் மறுபடி சாவியைத் திருப்பி அணைத்தார், போட்டார். திரை உறைந்து நின்றது. அவர் அதை விரலால் தட்டினார். "என்னம்மா இது, வரவே மாட்டேங்குது?"

அவள் கால் தாளம் போட்டது. கைவிரல்களைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டாள்.

"எழுதிட்டு இருக்கு, சார். கொஞ்சம் பொறுங்க."

"யாரு சொல்றதுன்னு பாரேன்!" அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

வரிசையாக அளவுகள் வந்தன, கடைசி அளவு உட்பட. மேனேஜர் இன்னொரு முறை அணைத்துப் பார்த்துவிட்டு, சாவியை அக்காவிடம் நீட்டினார்.