நட்சத்திரம் போட்ட கரடி

1991 மே மாதம் எங்கள் பக்கத்தில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு, பிள்ளைப்பாக்கத்தில் போலீஸ் வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. அலமாரியில் ரஷ்ய எழுத்தில் ஒரு நோட்டு. தூக்கம் போக அது போதாதா?

தபால் வழியாக ரஷ்ய மொழி படித்தவன் நான். ரஷ்யன், போலிஷ், செக் எல்லாவற்றுக்கும் தாயான பழைய மொழிமேல் எனக்குக் கிறுக்குப் பிடித்திருந்தது. அதில் ஒரு வரிகூட யாரும் எழுதிவைக்கவில்லை. பிள்ளை மொழிகளை ஒப்பிட்டு, இப்படித்தான் இருந்திருக்கும் என்று அறிஞர்கள் சொற்களைக் கட்டினார்கள். கட்டிய சொல்லுக்கு முன்னால் நட்சத்திரம் போடுவது வழக்கம்.

என் நோட்டு முழுக்க ஒரே சொல்லின் வேற்றுமை வடிவங்கள்தான்: *மெத்வேதி, கரடி. ‘மெது’ தேன், ‘ஏத்’ தின்பது. சேரும்போது உகரம் வகரமாகிவிடும். தேன்தின்னி. உண்மைப் பெயரைச் சொன்னால் கரடி வந்துவிடும் என்று பயந்து வைத்த பெயராம். கூப்பிடவே பயந்த மிருகத்துக்கு விளிவேற்றுமையும் உண்டு என்பதில் எனக்கு ஒரே சிரிப்பு.

விளக்கு வைத்த பிறகு பாம்பைப் பூச்சி என்பவள் அம்மா. அந்த மாதம் போலீஸும் ‘அவங்க’ ஆகிவிட்டது.

“அவங்க பக்கத்துத் தெருவுக்கு வந்துட்டாங்கடா. அந்த நோட்ட அடுப்புல போடு.”

நான் முறைத்தேன். இரண்டு வருட உழைப்பு.

மறுநாள் காலை இரண்டு பேர் வந்தார்கள். கேட்டது ரேஷன் கார்டு மட்டும்தான். நானோ பயத்தில் முந்திரிக்கொட்டையாக நோட்டையும் எடுத்து நீட்டினேன்.

“இன்னா லிஸ்ட்டு இது? ஸ்டார் எதுக்கு?” என்றார் மூத்தவர்.

“அந்தச் சொல்லுக்கு எழுத்து ஆதாரம் இல்ல சார். இருந்திருக்கும்னு முடிவு பண்ணா ஸ்டார் போடுவாங்க.”

“ஆதாரம் இல்லாமயே முடிவு பண்ணிடுவீங்களா?”

சந்தேகப்பட்டாலே கூட்டிப்போகிற நேரத்தில் யாரிடம் என்ன சொல்லிவிட்டேன்? கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா, “கரடியப் பத்தித்தான் சார் எழுதிக்கினு கீறான்” என்றாள்.

அவர் பக்கங்களை நிதானமாகப் புரட்டினார். பிறகு நோட்டை என் கையில் கொடுத்து, “நல்லா படி” என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்கள்.

ஜீப் சத்தம் அடங்கியதும் நான் அடுப்பைப் பற்றவைத்தேன். “அதான் குடுத்துட்டாங்களேடா, வச்சிக்கயேன்” என்று அம்மா கையைப் பிடித்தாள். “அவங்க திரும்பி வந்தா?” என்று உதறிவிட்டு, ஒவ்வொரு தாளாக நானே கிழித்துப் போட்டேன்.