தரை தட்டும் கார்கள்

காரை மேலிருந்து பார்க்கிறவருக்குப் பெயர் முதலாளி, கீழிருந்து பார்க்கிறவனுக்குப் பெயர் மெக்கானிக்.

மலேசியாவில் ஈப்போ நகரத்துக்குப் பக்கம், பத்து காஜா ஊருக்குப் போகும் சாலையில் முப்பது வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களின் முகம் மறந்து போகும், அவர்கள் காரின் அடிவயிறு மறக்காது. கார் தாழ்வாக இருந்தால்தான் அழகு என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ தெரியவில்லை. அதன் பலனை மல்லாந்து படுத்து அனுபவிக்கிறவன் நான். வேகத்தடையில் ஏறும்போது அடியில் ‘கரக்’ என்ற சத்தம் கேட்டுப் பல்லைக் கடித்தவரா நீங்கள்? அப்படியானால் நம்ம ஆள்தான், மேலே படியுங்கள்.

இந்த வருஷம் என் மகள் மலரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள். கனடாவில் ஒரு சின்ன ஊரில் நர்ஸ் வேலை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தரையோடு தரையாக ஒரு பழைய கார் வாங்கிவிட்டாள். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரப் பயணம், இரண்டு பக்கமும் வயல், ஆள் நடமாட்டமே கிடையாதாம். அவளுக்கு அது முதல் பனிக்காலம். நடுவழியில் கார் பனியில் மாட்டிக்கொண்டால் பிள்ளை தனியாக என்ன செய்வாள்? இதை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த எரிச்சலை யார் மேல் காட்டுவது? வந்தவர்கள் மேல்தான் காட்டினேன்.

அறுத்த ஸ்பிரிங்

முதல் ஆள் அந்தோணி. ஈப்போவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை, வயது நாற்பது. குடியிருப்பது கோப்பெங் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில். ரப்பர் போய் இப்போது செம்பனை. பழக்குலை ஏற்றும் லோரிகள் ஓடி ஓடிச் செம்மண் பாதையில் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் முழங்கால் உயர மேடு. அந்தப் பாதையில் வீடு இருக்கிற மனிதன், நாலு ஸ்பிரிங்கையும் அறுத்துக் காரைத் தாழ்த்தி வைத்திருக்கிறான்!

மாதம் தவறாமல் அந்த மேட்டில் மாட்டி, மீண்டு என்னிடம் வருவான். ஒரு தடவை எஞ்சின் ஆயில் தொட்டி கிழிந்திருக்கும், மறு தடவை புகைக் குழாய் தொங்கும். அடியில் அப்பிய செம்மண்ணைச் சுரண்டினால் ஒரு கத்தரிச் செடி நடலாம். “ஒண்ணு வீட்டை மாத்து, இல்ல ஸ்பிரிங்கை மாத்து” என்று கத்தினேன். அவன் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “ஸ்பிரிங்கைத் தூக்கினா கார் லோரி மாதிரி ஆயிரும்ணே, அப்புறம் தோட்டத்துல என்னை யாருலா திரும்பிப் பார்ப்பா?”

காருக்குள் நாற்றம்

புதுக் கார் வாங்கிய ஒரு இளம் தம்பதி வந்தார்கள். முன்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி அலங்காரப் பட்டை வேறு மாட்டியிருந்தார்கள். பத்து நாளாகக் காருக்குள் தாங்க முடியாத நாற்றமாம். ஏர்கோனைக் கழற்றிச் சுத்தம் பண்ணியாயிற்று, சீட்டைக் கழுவியாயிற்று, காருக்குள் சாம்பிராணி கூடப் போட்டுப் பார்த்தாயிற்று.

தூக்கிப் பார்த்தேன். எஞ்சினுக்கு அடியில் சேறு தெறிக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். அதற்குள் குங்குமம் தடவிய பூசணிக்காய், அரைக் காய்க்குக் குறையாது, அழுகிப் புழு நெளிந்தது. கோயிலில் கார் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, முன்னால் பூசணிக்காயை உடைத்து அதன் மேலேயே ஓட்டி வந்திருக்கிறார்கள். உயரமான கார் என்றால் தாண்டிப் போயிருக்கும், இது வாரி வாயில் போட்டுக்கொண்டு வந்துவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு அள்ளி எடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு நாற்றம் போனதைவிடப் பெரிய சந்தேகம் வந்துவிட்டது: “அங்கிள், பூசணி இத்தனை நாளு கார்லயே இருந்துச்சுன்னா, திருஷ்டி கழிஞ்சுதா இல்லையா?”

மூன்று பானைக் கறி

கோலா கங்சாரில் நாசி கண்டார் என்கிற கறிச்சோற்றுக் கடை வைத்திருக்கும் பாய் எனக்குப் பழக்கமானவர். கடை வேன் என்னிடம் பழுதுக்கு நின்றது. அன்றைக்குப் பார்த்து ஒரு கல்யாண விருந்துக்குச் சாப்பாடு அனுப்ப வேண்டும். மகனின் தாழ்ந்த காரில் மூன்று பெரிய பானைகளை ஏற்றினார். “பாய், பின்னாடி பாரம் ஏறினா கார் இன்னும் உக்காரும், பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதீங்க, அங்கே ரோட்டு பம்ப் உயரம்” என்று போனில் படித்துப் படித்துச் சொன்னேன். அந்த வழியாகத்தான் போனார்.

கார் வேகத்தடையின் உச்சியில் உட்கார்ந்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஆட்கள் கூடி முதலில் பானைகளை இறக்கினார்கள், பிறகு காரைத் தூக்கினார்கள். நான் போனபோது புகைக் குழாய் இரண்டாக ஒடிந்து, கார் ஏரோப்பிளேன் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் தலையில் அடித்துக்கொண்டேன். பாய் என் தோளைத் தட்டிச் சமாதானப்படுத்தினார்: “கார் கெடக்கட்டும் தம்பி, மீன் கறி ஒரு சொட்டு சிந்தலைலா!”

போனில் பார்த்த அடிவயிறு

வற்புறுத்தி மலரை ஒரு நாள் வீடியோ காலில் காருக்கு அடியில் போனை நீட்டச் சொன்னேன். பிளாஸ்டிக் தட்டில் பாதி ஆணிகள் இல்லை. யாரோ பிளாஸ்டிக் நாரால் கட்டி வைத்திருந்தார்கள். உள்ளே பனி புகுந்து இறுகி ஐஸ் பாளமாக நின்றது. அது கனத்தால் தட்டு பிய்ந்து சக்கரத்துக்குள் போகும். சாலையில் தூவுகிற உப்பு வேறு அடியை அரிக்கும்.

அங்கே ஒரு மெக்கானிக்கிடம் தட்டை ஒழுங்காக மாட்டச் சொல், வாரம் ஒரு தடவை வெந்நீர் அடித்து அடியைக் கழுவு, பனி கொட்டினால் பஸ்ஸில் போ என்றேன். அவள் ஊரில் பஸ்ஸே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் விடாமல் பேசவும் அவள் சிரித்தாள்: “பனி பஞ்சு மாதிரிதான்பா இருக்கும், அது என்ன கோப்பெங் கல்லா?”

நடுமேடு

நான் கடை சாத்துகிற நேரம், அங்கே விடிகாலை. அந்தோணி வழக்கம்போல் புகைக் குழாய் ஒட்ட வந்திருந்தான். போன் அடித்தது. மலர்தான். வேலைக்குப் போகும் வழியில், பனி வாரும் வண்டி இன்னும் வராத சாலையில், முன்னால் போன பெரிய வண்டிகளின் தடத்திலேயே ஓட்டியிருக்கிறாள். நடுவில் குவிந்த பனியில் கார் ஏறி உட்கார்ந்துவிட்டது. சக்கரம் சும்மா சுற்றுகிறது. உதவிக்கு வண்டி வர இரண்டு மணி நேரம் ஆகுமாம்.

“ஆயில் லைட் எரியுதா? எஞ்சின் சத்தம் எப்படி இருக்கு?” என்று கேட்டேன். “கார் உடையலைப்பா, மாட்டியிருக்கு!” என்று அழுதேவிட்டாள். உடைந்தால் எனக்கு வைத்தியம் தெரியும். மாட்டிக்கொண்ட காரை நான் கண்டதே இல்லை. என் வண்டி உயரமான பிக்கப், என்னிடம் வருகிற கார்களோ மாட்டி, மீண்டு, உடைந்த பிறகு வருபவை.

அந்தோணி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினான். “மலர், அந்தோணி அங்கிள் பேசறேன்மா. எண்ணெய் பெடல மிதிக்காத, மிதிக்க மிதிக்க உக்காரும். எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு இறங்கு. மொதல்ல புகைக் குழாயைப் பாரு, மூடியிருந்தா அதைத் தோண்டு. இல்லாட்டி புகை உள்ள வந்து ஆளை மயக்கிரும்.” அதெல்லாம் முடிந்ததும், “சக்கரத்தைத் தோண்டாதமா, வயித்துக்கு அடியில தோண்டு. கார் எது மேல உக்காந்திருக்கோ அதை எடு” என்றான். அவள் சின்ன மண்வாரியால் கொத்துகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. நடுநடுவே காருக்குள் ஏறிக் கையைச் சூடாக்கிக்கொள்ளச் சொன்னான். அரை மணி நேரம். பிறகு கால்மிதியைச் சக்கரத்துக்கு முன்னால் போட வைத்தான். “இப்ப முட்டையை மிதிக்கிற மாதிரி எண்ணெய மிதி.” கார் நகர்ந்தது. “நிறுத்தாத, போ! இனிமே மேட்டை நடுவுல விட்டு ஓட்டாத, ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டு மேலயே ஏத்திக்க.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையெல்லாம் கிரீஸ், துடைக்கவும் முடியவில்லை. அவன் ஒன்றும் நடக்காததுபோல் தன் காரைச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்து மலர் பேசினாள். ஓர் அப்பாவாக நான் என்னென்னவோ எதிர்பார்த்தேன். அவள் கேட்டது இதுதான்: “அப்பா, அந்தோணி அங்கிள் நம்பர் குடுங்க, அடுத்த தடவை நேரா அவருக்கே கோல் அடிச்சுக்கிறேன்.”

பெற்ற பிள்ளை நடுவழியில் தவிக்கும்போது, முப்பது வருஷம் பழுது பார்த்தவனைவிட மாதம் ஒரு முறை மாட்டிக்கொண்டவன்தான் உதவுவான் என்று இந்தத் தொழிலில் என்னிடம் முன்பே யாராவது சொல்லியிருந்தால், அந்த மனிதனை இவ்வளவு திட்டியிருக்க மாட்டேன்.