எட்டாவது செவ்வாய்

"நாலு பதினெட்டு. நீ இன்னும் டீயை ஊதிக்கிட்டு நின்னா நாலு பத்தொம்போது."

சொல்லி முடிப்பதற்குள் டைம் கீப்பர் ஏட்டில் எழுதிவிட்டார். எழுதி முடிப்பதற்குள் விசில் வாய்க்குப் போய்விட்டது. ஓட்டுநர் பாதி டீயைக் கொட்டிவிட்டு ஓடுகிறார். பேருந்து நிலையத்தின் நடுவே தகரக் கூரையும் சிறு ஜன்னலும் உள்ள கூண்டு. உள்ளே ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு நாற்காலி. நாற்காலியின் மெத்தை இன்னும் புதிதாகவே இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக டைம் கீப்பர் நின்றுகொண்டேதான் வண்டிகளை அனுப்புகிறார். நிற்கிறார் என்பதுகூடச் சரியில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருக்கிறார். ஓட்டுநர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'செகண்டு'. நேரில் கூப்பிடும்போது ஓர் அண்ணன் சேர்ந்துகொள்ளும்.

நகம் கடிப்பவர். ஒன்பது விரல்களில் நகம் சதையோடு ஒட்டிப் போயிருக்கிறது. இடது கட்டைவிரலில் மட்டும் பிளாஸ்டர். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் தினமும் காலையில் அதைச் சுற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். "வாயில வச்சா கசக்கும்பா, மருந்து தடவியிருக்கேன்" என்பாள். மருந்தெல்லாம் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

தொலைநிலைக் கல்வியில் 'புவி அறிவியல் அறிமுகம்' படிக்கிறார். ரத்த அழுத்தம் ஏறியதில் வந்த படிப்பு இது. "டாக்டர் தினம் அரை மணி சும்மா உக்காருங்கன்னாரு. சும்மா எப்படிங்க உக்கார்றது? அதுக்கு ஏதாவது வேலை வேணுமே." தபாலில் புத்தகங்கள் வந்தன. வரவேற்பறைக்கும் சமையலறைக்கும் நடுவில் நடந்துகொண்டே படிக்கிறார். ஓர் ஆசிரியை நடத்தும் மலைகள் எழும்பும் பாடத்தைக் கைபேசியில் இரட்டை வேகத்தில் ஓடவிடுகிறார். "அப்பா, அந்தம்மா பாவம், மூச்சு விட விடுங்க" என்று மகள் உள்ளேயிருந்து கத்துவாள்.

அவருக்குப் பிடித்த விஷயம் வேறு. "ஆறு கோடி வருஷம்னு சொல்லிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிடறாங்க. ஏன் லேட்டுன்னு கேக்க ஒரு ஆள் கிடையாது."

மனைவிக்கு இந்தப் படிப்பில் நம்பிக்கை இல்லை. "டைப்ரைட்டிங் பாதி, கிடார் பாதி. நீச்சலையே பாதியில விட்டவர் இவர். எப்படிக் கரை சேந்தாரோ." மனைவி நகர்ந்த பிறகு அவர், "ஒண்ணாவது முடிச்சான்னு இருக்கணும்ல" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார்.

தேர்வுகள் எல்லாவற்றிலும் தேறிவிட்டார். பாக்கி நிற்பது ஓர் ஒப்படைப்பு. கண்டங்களைச் சுமக்கும் தட்டுகள் ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில் நகர்கின்றன என்கிறது ஏழாம் பாடம். மாணவர் தன் நகம் ஒன்றை எட்டு வாரம் வெட்டாமல் விட்டு, வாரம் ஒருமுறை அளந்து, அட்டவணை போட்டு அனுப்ப வேண்டும். மற்றவர்களுக்கு இதைவிட எளிய வேலை கிடையாது. இவருக்கு முதல் தடவை இரண்டாம் வாரத்தில் நகம் போயிற்று. மறு தடவை ஐந்தாம் வாரத்தில். மூன்று முயற்சிகளுக்கு மேல் விதி அனுமதிக்காது. இது மூன்றாவது.

சென்ற செவ்வாய் எட்டாவது அளவு. மாலை ஆறு மணிக்குள் இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். நான்கரைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. பிளாஸ்டரைப் பிரித்தார். நகம் வெளுப்பாக, வேறு யாருடையதோ போல இருந்தது. மேசை இழுப்பறையில் அளவுகோலைத் தேடிக்கொண்டிருந்தபோது வெளியே சத்தம்.

"என் ரெண்டு நிமிஷத்தைத் தின்னுட்டு நிக்கிறான் பாருங்க!"

"உன் வண்டியில ஏற ஆளில்லைன்னா, நான் என்ன கையைப் புடிச்சா இழுத்தேன்?"

"செகண்டண்ணே, நீங்களே சொல்லுங்க! கிளம்புற நேரம் என்ன, இப்ப நேரம் என்ன?"

ஒரே தடத்தில் ஓடும் இரண்டு வண்டிகளின் ஓட்டுநர்கள்; முன்னவர் நேரமாகியும் கிளம்பவில்லை. பயணிகளும் கட்சி பிரிந்து கத்தினார்கள். அவர் ஏட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், முன்வண்டிக்கு விசில் கொடுத்தார். அது நகர்ந்தது. கூட்டம் அடங்கியது. அப்போதுதான் கட்டைவிரல் வாயில் இருப்பது அவருக்குத் தெரிந்தது. எடுத்துப் பார்த்தார். நகம் இல்லை.

பின்வண்டியின் நடத்துநர் கையெழுத்துக்காகத் தன் ஏட்டை ஜன்னலில் நீட்டினார். "என்னண்ணே, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?"

"போச்சுப்பா." விரலைக் காட்டினார்.

நிலையத்தில் எல்லோருக்கும் அந்த நகத்தின் கதை தெரியும். நடத்துநர் உச்சுக்கொட்டினார். "போன வாரம் எவ்ளோ?"

"அஞ்சே கால் மில்லி."

"வாரத்துக்கு முக்கால்னு நீங்கதானே சொன்னீங்க? ஆறுன்னு போடுங்க. பூமி என்ன, எந்திரிச்சு வந்து அளந்து பாக்கப் போகுதா?"

அவர் அட்டவணையை எடுத்தார். பேனா எட்டாவது கட்டத்தின் மேலேயே நின்றது.

"போடுங்கண்ணே. என் பையனுக்கு ஜுரம்னு மூணு நிமிஷம் லேட்டா வந்தப்ப, சரியான நேரத்துக்கு வந்ததா எழுதலையா நீங்க?"

"எழுதினேன். அது உனக்கு."

பேனாவை மூடி வைத்தார். ஒரு கணம் உதட்டைத் தடவிப் பார்த்தார். "துப்பினேன். இங்கதான் துப்பினேன்." மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைபேசி வெளிச்சத்துடன் தரையில் மண்டியிட்டார். கிழிந்த டிக்கெட்டுகள், டீக்கறை, புழுதி. நடத்துநர் ஜன்னலில் தலையை நுழைத்து, "அண்ணே, நாலு நாப்பத்தாறு. எங்க நேரம்" என்றார். பிறகு, "நாலு நாப்பத்தேழு." பின்வண்டி ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் வந்து நின்ற வண்டியும் அடித்தது. சுவரோரம் ஒரு டிக்கெட்டைப் புரட்டியபோது கிடைத்தது. பிறை போல, முழுசாக, ஒரே துண்டு. நாக்கில் நனைத்த விரல்நுனியில் அதை ஒற்றி எடுத்து, தரையிலேயே அளவுகோலின் மேல் வைத்தார். கண்ணைச் சுருக்கிக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். மூன்றாவது வண்டியும் ஹாரனை அழுத்தியது. அவர் தலையைத் தூக்காமலே இடது கையை ஜன்னல் பக்கம் உயர்த்தி, விரல்கள் ஐந்தையும் விரித்து, நிற்கும்படி காட்டினார்.