மலரின் மழைமானியில் நான் ஒட்டிய இடம்

மலரின் தம்பியிடமிருந்து அழைப்பு வந்தபோது நான் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். பிற்பகல் மூன்று மணி, வெளியே விடாத மழை. "சேர், மண்ணு சரிஞ்சிருச்சு. அக்கா போயிட்டாங்க சேர்" என்றான். எங்கே போனார் என்று கேட்டேன். அப்படி ஒரு மடையன் நான்.

செல்வமலரை அறிந்த உங்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே தொழிற்பயிற்சி நிலையத்தில் வேலை செய்தோம். முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்த புதிதில் நாங்களெல்லாம் யானைப் பொம்மை செய்து விளையாடினோம். மலர் மழைமானி செய்தார். அவர் பிறந்த லயம், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், கலஹாவுக்கு மேலே, ஒரு செங்குத்துச் சரிவின் கீழ் இருக்கிறது. மழைமானிக்குள் இரண்டு சின்னக் கிண்ணங்கள் சேர்ந்த ஒரு துண்டு. ஒரு கிண்ணம் நிரம்பிச் சாயும்போது எண்ணிக்கை ஒன்று கூடும். எண்ணிக்கை அளவு மீறினால் லயத்தில் ஹோர்ன் ஊதும், சனம் கீழே பாடசாலைக்கு இறங்கிவிட வேண்டும். "வெளிநாட்டுக் கருவி வர்ற வரைக்கும் மலை காத்துக்கிட்டு இருக்குமா சேர்?" என்பார்.

அச்சில் வந்த பிளாஸ்டிக்கில் மெல்லிய வரிகள் இருக்கும். முதல் கிண்ணத்தில் தண்ணீர் அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுத்தது. "கல்யாண வீட்டுச் சொந்தக்காரங்க மாதிரி, போகவே மாட்டேங்குது" என்று சிரித்தபடி, இரண்டு நாள் கதிரையை விட்டு எழும்பாமல் சேன்ட் பேப்பரால் தேய்த்தார். விரல் நுனியெல்லாம் தோலுரிந்து போனது.

இன்னொரு நாள், ஏழு மணித்தியாலம் ஓடிய அச்சு முடிகிற தறுவாயில் கரண்ட் போய்விட்டது. "மிச்சத்தைத் தனியா அடிச்சு ஒட்டுவமே மலர்?" என்றேன். அவர் அந்தத் துண்டை எடுத்து, என் முன்னாலேயே முறித்துக் குப்பைவாளியில் போட்டார். "பாதியில நின்னத ஒட்டி மலைக்கு அனுப்பக்கூடாது சேர். அங்க எங்கம்மா இருக்காங்க."

என் யாழ்ப்பாணப் பேச்சை அவர் கேலி செய்யாத நாளில்லை. ஆனாலும் ஒருமுறை சொன்னார்: "நாங்க ஆமான்னா பாதி தலையாட்டல்தான் சேர். நீங்க ஓம்னு சொன்னா நம்பலாம்."

சென்ற மழைக்காலத்துக்குச் சற்று முன் அம்மாவைப் பார்க்க லீவில் போயிருந்தார். கிண்ணத்துண்டில் வெடிப்பு விழுந்துவிட்டது, புதிது ஒன்று அடித்து கலஹா பஸ்ஸில் கொடுத்துவிடச் சொன்னார். அடித்தேன். முடிவதற்குள் கரண்ட் போனது. மழை வரப்போகிறது, ஒன்றுமில்லாததற்கு இது மேல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அன்று சனிக்கிழமை, எனக்கு வீட்டுக்குப் போக அவசரம், அவ்வளவுதான். கரண்ட் வந்ததும் மிச்சத்தைத் தனியாக அடித்து ஒட்டினேன். ஒட்டுத் தெரியாமல் தேய்த்தேன், தேய்க்கக் கற்றது அவரிடம்தான்.

கலஹா பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். மறுநாள் பின்னேரம் மலர் அழைத்தார். "கெடச்சிருச்சு சேர். முழுசா வந்ததுதானே?"

"ஓம்" என்றேன்.

மண் சரிந்த அன்று, அவர் லீவு முடிந்து திரும்புவதற்குள், அப்படி மழை கொட்டியும் ஹோர்ன் ஊதவில்லை. ஏன் என்று பார்க்க மலர் மழைமானி இருந்த சரிவில் ஏறியிருக்கிறார். கருவியைத் திறந்து பார்த்தவர், அங்கிருந்தே எல்லோரையும் இறங்கச் சொல்லிக் கத்தியிருக்கிறார். அம்மாவைத் தம்பி தூக்கிக்கொண்டு ஓடினான். லயத்துச் சனம் தப்பியது. மலர் இறங்குவதற்குள் மண் வந்துவிட்டது. ஊர் இதைத் தியாகம் என்கிறது. செத்த வீட்டில் அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களப்பத்தி எவ்வளவு பெருமையா பேசுவா தெரியுமா?" என்று அழுதார்.

எட்டாம் நாள் தம்பி ஒரு ஷொப்பிங் பேக்கைக் கொண்டுவந்து தந்தான். "அக்கா கைக்குள்ள இருந்துச்சு சேர். நீங்க செஞ்சதுதானே, நீங்களே வச்சுக்கங்க." உள்ளே கிண்ணத்துண்டு, இரண்டு பாதியாக. நான் ஒட்டிய இடத்தில் நேர்கோடாகப் பிரிந்திருந்தது. ஓரத்தில் பசை அப்படியே பளபளத்தது.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது இந்த இரண்டு பாதிகள்தான். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் மலர் அந்த ஓரத்தைப் பார்த்திருக்கிறார். என் "ஓம்" பொய் என்று தெரிந்துகொண்டுதான் செத்திருக்கிறார்.