தலைத் தீபாவளிக்காக உடைத்த சுவர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மாதம். எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தீபாவளிக்குத் துணி எடுக்க நானும் என் கணவரும் இலங்கை மலைநாட்டின் பதுளை பஜாருக்கு வந்திருந்தோம். புதுச்சேலை எடுத்தும் எனக்குச் சந்தோஷமே இல்லை. தலைத் தீபாவளிக்கு மடுல்சீமையில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போகவேண்டும் என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துவிட்டேன், மனுஷன் பிடி கொடுக்கவில்லை. அந்த வளைவு ரோட்டில் பஸ் ஏறினாலே அவருக்கு வாந்தி வந்துவிடும். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, லீவு இல்லை, மழை, மண் சரியும் என்று நாளுக்கொரு சாக்குச் சொன்னார். அம்மாவோ மாப்பிள்ளை வருவாரென்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வைத்துவிட்டாள்.

ரேடியோ, டிவி விற்கும் ஒரு கடையில் ஒரே கூட்டம். கடை முதலாளி வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு விளையாட்டுப் பெட்டியை டிவியில் மாட்டி, வருகிறவர்களை ஆட விட்டுக்கொண்டிருந்தார். திரையின் மேல்பக்கம் வரிசை வரிசையாகச் செங்கல் சுவர். கீழே சின்னதாக ஒரு கட்டை. கையிலுள்ள குமிழைத் திருகினால் அது இடமும் வலமும் நகரும். பந்தைக் கட்டையால் தட்டித் தட்டிச் சுவர் முழுவதையும் உடைக்கவேண்டும். மூன்று பந்தைத் தவறவிட்டால் ஆட்டம் முடிந்தது.

என் கணவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கேரம் புலி. விடுவாரா? சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். காய் சட்டத்தில் மோதினால் எப்படித் திரும்பும் என்பது அவருக்கு அத்துப்படி. அதே கணக்கில் பந்துக்குக் காத்திருந்தார். பந்தோ எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாமல் கோணல்மாணலாகப் பாய்ந்தது. மூன்றும் போயின. "கள்ளப் பந்தா இருக்கு" என்று எழுந்தார்.

நான் சிரித்துவிட்டேன். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒனக்கு இதெல்லாம் என்னா தெரியும்? இந்தச் சொவர நீ ஒடச்சிரு பாப்போம், தீவாளிக்கு மடுல்சீமைக்கே போவோம்" என்றார் அத்தனை பேர் முன்னால்.

"நான் சாட்சி. உக்காருங்க தங்கச்சி" என்று முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முதல் பந்து வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. எங்கள் தோட்டங்களில் கேரம் பலகை ஆம்பிளைகளின் சொத்து. நான் ஒருநாளும் தொட்டதில்லை, அதனால் என் தலையில் கணக்கு எதுவும் கிடையாது. பந்து என்ன செய்கிறது என்று வெறுமனே பார்த்தேன். இரண்டாவது பந்தில் பிடிபட்டது. அது எந்தப் பக்கமிருந்து வந்தாலும் சரி, கட்டையின் நடுவில் வாங்கினால் நேராக ஏறியது, ஓரத்தில் வாங்கினால் சரிந்து பாய்ந்தது. புரிந்த சந்தோஷத்தில் அதையும் கோட்டைவிட்டேன்.

மிச்சம் ஒரே பந்து. சுவரின் இடது மூலையையே குறிவைத்து ஓட்டை போட்டேன். பந்து அதற்குள் நுழைந்து சுவருக்கு மேலே போய்விட்டது. அங்கே தானாகவே முட்டி மோதிச் செங்கல்களைக் கொட்டியது. கூட்டம் விசிலடித்தது. ஆனால் வலது ஓரத்தில் ஒரு கல் நின்றுகொண்டது. பந்து அதைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது, வேகமும் கூடிவிட்டது. என் உள்ளங்கை வேர்த்துக் குமிழ் வழுக்கியது. அம்மா வீட்டுக்கும் எனக்கும் நடுவில் அந்தக் கல்தான் நிற்பதாகத் தோன்றி அழுகை முட்டியது.

"ஓரத்துல வாங்கு புள்ள, ஓரத்துல!" என்று காதருகில் ஒரு சத்தம். பந்தயத்தை மறந்து கத்தியது என் கணவரேதான்! மயிரிழை பிசகினாலும் போச்சு. கட்டையின் நுனியில் வாங்கினேன். கல் உடைந்தது.

முதலாளி கை தட்டினார். நான் அத்தனை பேர் முன்னால் புதுப்பெண் என்பதையும் மறந்து குதித்தேன்.

பேச்சு மாறாமல் கூட்டிப்போனார். வழிநெடுக பஸ் ஜன்னலுக்கு வெளியேதான் அவர் தலை இருந்தது. தீபாவளி விடியலில் அம்மாவின் லயத்து வீட்டு வாசலில் எங்களைச் சேர்த்து உட்காரவைத்துத் தலையில் அம்மா எண்ணெய் வைத்தபோது, ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் யாராவது "ஒனக்கு இதெல்லாம் என்னா தெரியும்" என்றால் எனக்குக் கோபம் வருவதில்லை. தெரியாது என்பதால்தானே அன்றைக்கு நான் பந்தை ஒழுங்காகப் பார்த்தேன்.