பறக்கும் படைக் கூலியில் ஒரு பிடித்தம்

கடந்த நாடாளுமன்றத் தேர்தலில் என் தம்பி பறக்கும் படையின் தற்காலிக வீடியோகிராபர். வீட்டில் பட்டுத் தறி, முகூர்த்த நாளில் கல்யாண வீடியோ என்று இருந்தவனை ஒப்பந்தக்காரர் ஒருவர் சேர்த்துவிட்டார். போளூர் சாலையில் அதிகாரிகள் வண்டிகளைச் சோதிப்பதை அவன் படம்பிடிக்க வேண்டும். பாதி வண்டியில் எங்கள் ஊர்ப் புடவை மூட்டைகள்தான். தினமும் வந்து கதை சொல்வான், தெருவே கூடிக் கேட்கும். நான் தேதி போட்டு எழுதிக்கொள்வேன்.

வாக்கு எண்ணி முடிந்து கூலி வந்த அன்றே கதை நின்றது. பேசியதைவிடக் குறைவாக வந்திருந்தது. எங்கள் ஊரில் கூலியில் பிடித்தால் காரணம் ஒன்றுதான்: புடவையில் பழுது. முதலாளி விளக்க மாட்டார், நெய்தவனும் கேட்க மாட்டான். இவனும் கேட்கவில்லை. கல்யாண வீடியோவுக்குக்கூடப் போகாமல் தறியிலேயே கிடந்தான்.

அடுத்த வருஷம் ஜூலை கடைசி வாரம் ஒப்பந்தக்காரர் போன் செய்தார். அவன் எடுக்கவில்லை. தம்பி மனைவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஒரு இடைத்தேர்தல் வருதுங்க. அவர அனுப்புறீங்களா?"

"வரமாட்டாருங்க. கேமரா ஆடிப்போச்சுன்னு துட்டு புடிச்சிட்டீங்களாம். அதையே நெனச்சிகினு கீறாரு."

"யாரு சொன்னது? அவரு எடுத்ததத்தான், இப்படி எடுக்கணும்னு மத்தவங்களுக்குப் போட்டுக் காட்டினேன். புடிச்சது வருமான வரிங்க, எல்லாருக்கும் புடிச்சேன். வரம்புக்குள்ள சம்பாதிக்கிறவருதானே, ரிட்டர்ன் போட்டா திரும்ப வந்துடும். மாசக் கடைசிக்குள்ள போடச் சொல்லுங்க."

உள்ளே தறிச் சத்தம் நின்றது.

நான் செருப்பை மாட்டும் முன்பே வண்டிச் சாவியை எடுத்துவிட்டேன்.

"ஜல்தியா போங்க மாமா, மனசு மாறிடுவாரு," என்று சிரித்தாள் அவள். "இத்தினி நாளா வருமான வரிகூடத்தான் சண்ட போட்டுகினு இருந்தாரா?"

கம்ப்யூட்டர் சென்டரில் எங்களைப் போலவே பலர். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக ரிட்டர்ன் பதிவானபோது, போட்டியில் ஜெயித்ததுபோல அவன் தோளைத் தட்டினேன். அந்தப் பணம் ஆவணியில் வந்தது. ஆனால் அவன் அதற்காகக் காத்திருக்கவில்லை. சென்டர் வாசலிலேயே ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டான்.

"வரேங்க," என்றான். போனை வைக்கவில்லை. "மத்தவங்களுக்குக் காட்டினேன்னு சொன்னீங்களே, அது எந்த வண்டிய எடுத்ததுங்க?"