பூஜையில் வைத்த லேப்டாப்

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை வியாழக்கிழமை வந்தது. திங்கட்கிழமை எனக்கு டெமோ. நடுவில் இருந்த நாட்களை எப்படிக் கடத்தினேன் என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. தி. நகரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. கம்பெனிக்கே மொத்தம் ஒரு லேப்டாப்தான். அம்மிக்கல் மாதிரி கறுப்பும் கனமுமாக இருக்கும். டெமோவுக்கான ப்ரோகிராமைப் பூஜை லீவில் வீட்டிலேயே முடிக்கட்டும் என்று முதலாளி அதை என்னிடம் கொடுத்தார். ஒரு கீறல் விழக் கூடாது, ஒரு கறை படக் கூடாது என்றார். வெளிநாட்டுக்காரர்கள் அரை மணி நேரம் பார்ப்பார்கள், அந்த அரை மணி ஒழுங்காக ஓடினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுச் சரஸ்வதி பூஜையில் எதுவும் தப்பாது. மாமியாரின் வீணை, என் கணவரின் சட்டப் புத்தகங்கள், தையல் கத்தரிக்கோல்வரை பலகையில் ஏறிவிடும். அன்று முழுக்க அவற்றைத் தொடக் கூடாது. மறுநாள் புனர்பூஜை முடிந்துதான் எடுக்கலாம். லேப்டாப்பையும் வைக்க வேண்டும் என்றார் மாமியார். ஒரு நாள் வீணாகிறதே என்று எனக்கு எரிச்சல். ஆனால் வைக்காமல் விட்டு திங்கட்கிழமை ஏதாவது ஆகிவிட்டால்? படித்தவள் என்று பேர்தான், அந்தப் பயமும் இருந்தது. வைத்தேன்.

மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு மூடியின் நடுவில் பொட்டு வைக்கக் குனிந்தார். எனக்கு முதலாளியின் முகம் கண்முன்னால் வந்தது. நானே வைக்கிறேன் என்று கிண்ணத்தை வாங்கி, யார் கண்ணிலும் படாதபடி லேப்டாப்பின் பின்பக்கம் வைத்தேன். மறைவான இடம்தானே என்ற தைரியத்தில் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். மாமியார் அதன் மேல் ஒரு பட்டுத்துணியைப் போர்த்தினார்.

வெள்ளிக்கிழமை புனர்பூஜை முடிந்ததும் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் சமர்த்தாக ஓடியது. பிறகு உள்ளே இருந்த விசிறி கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. அடியில் கை வைத்தால் தோசைக்கல். பார்த்துக்கொண்டே இருக்கும்போது திரை அப்படியே நின்றுபோய், தானாக அணைந்தது.

கணவர் கேஸ் விஷயமாக வெளியூர் போயிருந்தார். இருந்திருந்தாலும் சட்டம்தான் சொல்லியிருப்பார். ஆறவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி கால் மணி. நாலு கேரம் காய்களை மூலைக்கு ஒன்றாக அடியில் கொடுத்துத் தூக்கினேன். டேபிள் ஃபேனை இழுத்து அதன் பக்கம் திருப்பினேன். வைரஸாக இருக்குமோ என்று தேடினேன். கடைசியில், ஆன் ஆகும்போது ஒரு விசையை அழுத்தினால் வருகிற நீலத் திரைக்குப் போய் ப்ராசஸரின் வேகத்தைக் குறைத்தேன். சூடு குறைந்தது, லேப்டாப் அணையவில்லை. ஆனால் பத்து விநாடியில் வர வேண்டிய ரிப்போர்ட்டுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் வெள்ளைக்காரன் காபி குடித்து டம்ளரையும் அலம்பி வைத்துவிடுவான். வேகத்தைக் கூட்டினால் பாதி டெமோவில் உயிர் போகும். குறைத்தால் என் மானம் போகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் எண் அந்த நீலத் திரையில் இல்லவே இல்லை.

சனிக்கிழமை காலை மாமியார் காபியோடு வந்து, சரியாயிடுத்தா என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். நான் பொரிந்து தள்ளினேன். பட்டுத்துணியைப் போட்டு மூடினது யார், கற்பூரப் புகை காட்டினது யார், இது என்ன வெண்கல மணியா, என் வேலை போனால் உங்கள் சரஸ்வதியா சம்பளம் தருவாள் என்றெல்லாம் கேட்டேன். அவர் காபியை வைத்துவிட்டுப் போய், புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். ரிப்பேர் கடைக்கு அவ்வளவு விலை உயர்ந்த சாமானோடு நான் தனியாகப் போக வேண்டாமாம்.

ஆட்டோவில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பதை அன்றைக்கு நேராகவே அனுபவித்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் லேப்டாப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை தி. நகரில் ஒரு மாடியில் இருந்தது. நான் கம்ப்யூட்டர் கம்பெனியில் ப்ரோகிராமர் என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவைத்தேன். ப்ராசஸர், நீலத் திரை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் அடுக்கினேன். அவர் காதில் வாங்கிக்கொண்டே லேப்டாப்பைத் திருப்பி, பின்பக்கத்தை டேபிள் லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.

"இன்னா மேடம், காத்து வெளிய போற ஓட்டைல போயி சந்தனத்த அப்பிக்கினு கீறீங்க? காஞ்சி உதுந்து ஃபேன்ல மாட்டிக்கினு கீது. அது எப்டி மூச்சு வுடும்? யாரு வெச்சது?"

எனக்குக் காது சுட்டது. முந்தின நாள் முழுக்க அதே லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தவள், அதன் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நான்தாம்ப்பா வெச்சேன். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

கடைக்காரர் சிரித்துவிட்டு, பெரியவர்கள் இருக்கிற வீட்டில் இப்படித்தான் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன். அவர் கழற்றி, பெயிண்ட் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, முழு வேகத்தில் அரை மணிக்கும் மேலாக ஓடவிட்டுக் காட்டினார். திரும்பும் வழியிலும் நான் எதுவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை லேப்டாப் சத்தமே போடாமல் ஓடியது. வந்தவர்கள் கை குலுக்கிவிட்டுப் போனார்கள். முதலாளி அதைத் திருப்பிப் பார்த்தபோது இடுக்கில் கொஞ்சம் சந்தனம் மிச்சமிருந்தது. பூஜையில் வைத்தீர்களா, நல்லது என்றார். இந்த மனுஷருக்குப் பயந்துதான் நான் பொட்டை ஒளித்து வைத்தேன்.

சாயங்காலம் மாமியார் சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வேலை நிரந்தரமான செய்தியைச் சொன்னேன். பிறகு, அன்றைக்குச் சந்தனம் வைத்தது நான் என்றேன்.

"தெரியும். கிண்ணத்த என் கையிலேர்ந்து நீதானே வாங்கிண்டே."

அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ப்ரோகிராமர்னு சொல்லிண்டு போய் நின்னே. அவன் முன்னாடி உனக்குத் தெரியலேன்னு ஆகலாமோ? எனக்குத் தெரியலேன்னா யாருக்கு என்ன?"